ஒரே தண்ணீரில் போன சிவப்பு

பேராதனையில் நான் வேலை பார்த்த இரசாயன ஆய்வுகூடத்துக்குக் கண்ணாடி கழுவும் இயந்திரம் வந்திருக்கிறது. பீக்கர்களையும் குடுவைகளையும் தட்டில் கவிழ்த்து அடுக்கிக் கதவை மூடினால் போதும், அதுவே கழுவி, அலசி, காயவைத்தும் கொடுத்துவிடுகிறது. போன மாதம் அதைப் பாவனைக்கு விட்ட அன்று, ஓய்வு பெற்றவள் என்று என்னையும் கூப்பிட்டு, கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். "அக்கா, முப்பத்தஞ்சு வருசமா கையாலயே கழுவியிருக்கீங்க. எங்க சிறப்பு மலருக்கு அதப் பத்தி ஏதாச்சும் எழுதித் தாங்க" என்று இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் கேட்டார்கள்.

இயந்திரம் வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் விரல் நகங்களைப் பார்த்தால் உங்களுக்கும் இருக்காது. இருபது வருடங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய சாமான் அது. ஆனால் கழுவியவளிடம் சொல்ல என்ன இருக்கப் போகிறது, அரைப் பக்கத்தில் முடித்துவிடுவாள் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அரைப் பக்கத்தில் முடிக்கிறவள் இல்லை.

வத்தேகமவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் சித்தியடைந்திருந்ததால் ஆய்வுகூடத்தில் சிற்றூழியர் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடங்கள் தரையும் மேசையும் துடைத்தேன். மூன்றாம் வருடம் கண்ணாடிச் சாமான்கள் பக்கம் போட்டார்கள். உடைத்தது, திட்டு வாங்கியது, அமிலம் பட்டுச் சேலை ஓட்டையானது எல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு. அதைச் சொல்லி உங்கள் பொழுதைப் போக்க மாட்டேன்.

என்னை ஆளாக்கியது எங்கள் பேராசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர். வளாகத்தில் எத்தனையோ பேராசிரியர்கள் இருந்தாலும் எங்கள் மாடியில் 'சேர்' என்றால் அவர் ஒருவர்தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் கோபப்பட்டால் மேசையில் கிடக்கும், கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து நேராக வைப்பார். அதைப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் நேராகிவிடுவோம். மாணவர்களின் குறிப்புக் கொப்பியை அந்த அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் வாசிப்பார், ஒரு வரியைக்கூடத் தாண்டமாட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு ஆய்வுகூடத்துக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பரிசோதனைக்குத் தனிக் கொப்பி இருப்பது எல்லா இடத்திலும் உள்ளது. எங்களிடம் கழுவுவதற்கும் ஒரு கொப்பி இருந்தது. பாத்திரத்தின் இலக்கம், உள்ளே இருந்தது என்ன, எத்தனை தண்ணீர், அதாவது எத்தனை அலசல், விட்டது, சவர்க்காரமா அமிலமா, கடைசியில் கழுவியவர் பெயரும் கையெழுத்தும். "ஒரு பிழை வந்தால் அது எங்க இருந்து வந்தது எண்டு தேடுற நேரம் கழுவின ஆளையும் கேக்கவேணும்" என்பார். மற்றவர்களுக்கு அது பெரிய தொல்லை. எனக்கோ பெருமை. கழுவுகிறவளின் கையெழுத்துக்கு ஓர் இடம் கொடுத்த மனிதர் அவர். நானும் ஒரு நாள் விடாமல் எழுதினேன், 'இ. தனலெட்சுமி' என்று முழுப்பெயரும்.

இன்னொன்றும் சொல்வார். ஏதாவது போய்ச் சொன்னால், "லெட்சுமி, நீர் நினைச்சதைச் சொல்லாதையும். பாத்ததைச் சொல்லும்" என்று நிறுத்துவார். முதலில் எனக்கு இது சுருக்கென்று தைத்தது. போகப் போகத்தான் அவர் தன் மாணவர்களுக்கும் இதையேதான் சொல்கிறார் என்று தெரிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் சேர் கரி வேலையில் இறங்கினார். அடுப்புக்கரி இல்லை. நம் நாட்டுச் சுரங்கத்திலிருந்து வரும் பென்சில் கரி. அதை அமிலத்தில் பிரித்துப் பிரித்து, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிய ஏடுகளாக்க வேண்டும். அந்த ஏட்டில் ஒரு சிட்டிகை சாயத் தண்ணீரில் போட்டால், சாயம் வந்து ஒட்டிக்கொண்டு தண்ணீர் வெளுத்துவிடும். சாயப் பட்டறைத் தண்ணீர் மகாவலி ஆற்றில் கலப்பதற்கு இது மருந்தாகும் என்பதுதான் சேரின் எண்ணம்.

அந்த ஏட்டுக் கரியைச் செய்வது சின்ன வேலை இல்லை. பெரிய குடுவையைப் பனிக்கட்டிக்குள் அமர்த்தி, கடுமையான கந்தக அமிலம் ஊற்றி, கரித்தூளைக் கலக்க வேண்டும். பிறகு கொண்டிஸ் என்கிற ஊதா நிறப் பொட்டாசியம் பரமங்கனேற்றுத் தூளைச் சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். அவசரப்பட்டு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டால் சூடு ஏறி வெடித்துவிடும். ஒருவர் வெப்பமானியை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும், பேசக்கூடாது. கடைசியில் ஐதரசன் பெரொட்சைட்டு விட்டதும் கறுத்த சேறு பளிச்சென்று மஞ்சளாகும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அமிலம் போகும்வரை நாள்கணக்கில் கழுவவேண்டும். அது என் பாடு.

இந்த ஆராய்ச்சியைச் செய்தவள் நிஷாந்தினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவள் ஊதாச் சாயத்தில் பார்த்தாள், பச்சையில் பார்த்தாள், மெத்திலீன் நீலத்தில் பார்த்தாள். மூன்றையும் கரி இழுத்துக்கொண்டது. செம்மஞ்சள் ஒன்று மட்டும் சரிவரவில்லை என்று அதை ஒதுக்கி வைத்தாள். பிறகு நீலத்தோடேயே நின்றுவிட்டாள். உலகத்தில் எல்லாரும் நீலத்தில்தான் சோதிக்கிறார்கள், அலுமாரியிலும் அதுதான் நிறைய இருந்தது. நீலத் தண்ணீர் தெளிந்த தண்ணீராவதைப் பார்க்க மற்றத் துறைகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நானும் வீட்டுக்குப் போய்ப் பெருமை அடித்தேன்.

அந்தப் பெருமைதான் வம்பாகியது. என் தங்கச்சி புஷ்பம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு நூல் சாயப் பட்டறையில் வேலை செய்தாள். தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். பட்டறையின் கழிவுத் தண்ணீர் பின்னால் இருக்கும் ஓடை வழியாக ஆற்றுக்குப் போனது. சுற்றுச்சூழல் பார்க்கும் சுற்றாடல் அதிகாரி வந்து பார்த்து, ஒரு மாதத்துக்குள் தண்ணீர் நிறமில்லாமல் போகவேண்டும், இல்லையென்றால் சாயப் பகுதியை மூடவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூடினால் புஷ்பமும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவள் அழுதுகொண்டு வந்தபோது நான் சொன்னேன், "அழாத. எங்க சேருகிட்ட கரி இருக்கு. எந்தக் கலரா இருந்தாலும் வெளுத்துப் போகும்." நான் பார்த்ததைச் சொல்லவில்லை. நினைத்ததைச் சொன்னேன்.

சேரிடம் கேட்டேன், சம்மதித்தார். அடுத்த வாரமே பட்டறைக்குப் போனோம். முதலாளி ஒரு வயதான ஹாஜியார், நல்ல மனிதர். பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். புஷ்பம் முன்னால் நின்றாள். அன்று நூலுக்குப் போட்டிருந்தது கடும் சிவப்பு. சாயத் தொட்டியிலிருந்து சில போத்தல்களிலும் பெரிய கண்ணாடிச் சாடியிலும் எடுத்து, நிஷாந்தினி சாடியில் கரியைப் போட்டுக் கலக்கினாள். அரை மணி நேரம் காத்திருந்தோம்.

கரி எல்லாம் அடியில் போய்ப் படிந்தது. மேலே தண்ணீர் அதே சிவப்பில் நின்றது.

இன்னும் கரி போட்டாள். அதுவும் அடியில் போய் உட்கார்ந்தது. நிஷாந்தினியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தண்ணீர் மட்டும் வெளுக்கவில்லை. கையில் அடிமட்டம் இல்லாததால் சேர் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்துக்கொண்டார். ஹாஜியார்தான் வந்து, "சேர், மையத்து ஊட்டுக்கு வந்த மாதிரி நிக்க வேணாம். வாங்க, ப்ளேன்டீ குடிங்க" என்று, சாவு வீட்டுக்காரர் போல் நின்ற எங்களைக் கூப்பிட்டார். அவருடைய பட்டறை மூடப்படப் போகிறது, அவர் எங்களுக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே வரும்போது புஷ்பம் என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஒங்க பேச்ச நம்பித்தானே நான் எல்லாருகிட்டயும் சொல்லி வச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

வான் வண்டியில் பேராதனைக்குத் திரும்பி வந்ததும் நிஷாந்தினி தன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் கொண்டுவந்த சாடியையும் போத்தல்களையும் கழுவும் தொட்டிக்கு எடுத்துப் போனேன். எனக்குக் கவலை வந்தால் கழுவத்தான் தெரியும். வழக்கப்படி அமிலப் போத்தலையும் மதுசாரத்தையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். மெத்திலீன் நீலம் லேசில் போகாது. ஐந்து தண்ணீர் விட்டாலும் கண்ணாடியில் நீல வளையம் நிற்கும், அமிலமும் மதுசாரமும் சேர்த்துத் தேய்த்தால்தான் விடும். இது அதைவிடக் கடுஞ்சிவப்பு, இன்றைக்கு இடுப்பொடிந்தது என்று நினைத்தேன்.

முதல் போத்தலில் பைப் தண்ணீரை விட்டு ஒரு குலுக்குக் குலுக்கி ஊற்றினேன். போத்தல் சுத்தம்.

சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சிவப்புக் கிடையாது. இரண்டாவது போத்தலும் அப்படியே. சாடியும் அப்படியே. ஆறு சாமான், ஒவ்வொன்றுக்கும் ஒரே தண்ணீர். நூலில் போட்டால் ஆயுளுக்கும் போகாத சாயம், கண்ணாடியைக் கொஞ்சம்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு அந்தச் செம்மஞ்சள் ஞாபகம் வந்தது. அதுவும் இப்படித்தான் ஒரே தண்ணீரில் போகும். நிஷாந்தினி அதை ஒதுக்கியபோது, கழுவ லேசான சாயத்தை ஒதுக்கிவிட்டாளே என்று எனக்குத்தான் வருத்தம். என்னைப் பாடாய்ப் படுத்திய ஊதா, பச்சை, நீலம் மூன்றையும் கரி இழுத்தது. லேசாகக் கழுவுப்பட்ட இரண்டையும் கரி திரும்பியும் பார்க்கவில்லை.

ஈரக் கையோடு நிஷாந்தினியிடம் போனேன்.

"தங்கச்சி, இந்தச் செவப்பு கண்ணாடில ஒட்டவே இல்ல. ஒட்டாத கலர் எதையும் ஒங்க கரி புடிக்கல போல இருக்கு."

அவள் தலையைத் தூக்காமலே, "அக்கா, அது வேற விசயம். நீங்கள் போய்க் கழுவுங்கோ. நான் யோசிக்கிறன்" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பிள்ளை நொந்து போயிருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் ஏறியது. கழுவுகிறவளுக்கு யோசனை எதற்கு என்றுதானே அர்த்தம்? அலுமாரியைத் திறந்து, பழைய கழுவும் கொப்பிகள் அத்தனையையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நேரே சேரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை, தட்டக் கை இல்லை.

"சேர், நான் நெனச்சத சொல்ல வரல. பாத்தத சொல்ல வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார், கொப்பிகளைப் பார்த்தார். "இரும்" என்றார். நான் அந்த அறையில் முதல் முறையாகக் கதிரையில் உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதல் கொப்பியைத் திறந்து அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்தார். ஊதா: ஐந்து தண்ணீர், அமிலம். பச்சை: நான்கு தண்ணீர், அமிலம், மதுசாரம். செம்மஞ்சள்: ஒரு தண்ணீர். ஒவ்வொரு வரியின் முடிவிலும் என் கையெழுத்து. ஒவ்வொன்றாக அடிமட்டத்தை நகர்த்திக்கொண்டே போனார். ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. நான் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழையாக ஏதாவது எழுதித் தொலைத்திருப்பேனோ என்று பயம்.

மூன்றாவது கொப்பியை மூடிவிட்டு எழுந்து தொட்டிக்கு வந்தார். "எனக்கு முன்னால செய்து காட்டும்" என்றார். ஒரே மாதிரி இரண்டு பீக்கர். ஒன்றில் நீலம், ஒன்றில் கழுவாமல் மிச்சம் வைத்த போத்தலில் இருந்த பட்டறைச் சிவப்பு. ஊற்றி, ஒரே தண்ணீர் விட்டு, வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்தேன். நீலம் வளையமாக நின்றது. சிவப்புப் பீக்கர் புதிதாக வாங்கியது போல் இருந்தது. சேர் குனிந்து இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிஷாந்தினியைக் கூப்பிட்டார்.

"நிஷாந்தினி, கண்ணாடிக்குத் தண்ணிக்குள்ள என்ன மின்னேற்றம்?"

"மறை ஏற்றம், சேர்."

"எங்கட கரிக்கு?"

அவள் பீக்கர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

எனக்கு விளங்கும்படி அவரே சொன்னார். கண்ணாடியும் எங்கள் கரியும் ஒரே கட்சி. இரண்டுக்கும் மறை ஏற்றம், அதாவது எதிர் மின். நீலத்துக்கு நேர் ஏற்றம், அதனால் இரண்டிலும் போய் ஒட்டும். பட்டறைச் சிவப்பும் மறை ஏற்றக் கட்சிதான். தன் கட்சிக்காரனைத் தள்ளிவிடும். எத்தனை மூட்டை கரி போட்டாலும் ஒட்டாது.

"விடை இவ்வளவு காலமும் எங்கட கழுவுற கொப்பியில இருந்திருக்கு. எழுதச் சொன்னது நான். வாசிக்காமல் விட்டதும் நான். பட்டறைத் தண்ணிய முதல்ல இங்க கொண்டுவந்து பாக்காமல் போனதும் என்ரை பிழை" என்றார் சேர். ஒரு பேராசிரியர், சிற்றூழியராகச் சேர்ந்த ஒருத்திக்கு முன்னால் இப்படிச் சொல்வதை நீங்கள் எங்கே கண்டிருப்பீர்கள்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. அமில வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதிகாரி கொடுத்த தவணையில் மூன்று வாரம் மிச்சம் இருந்தது. வழி என்ன என்று கண்டுபிடித்தது நிஷாந்தினி, அதில் எனக்குப் பங்கில்லை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் ஒரு தூள் இருக்கிறது, அதற்கு நேர் ஏற்றம். அதை புளித்த வினாகிரி வாடை அடிக்கும் அமிலத்தில் கரைத்து, கரி ஏட்டைக் கலந்து, ஊசிக் குழாயால் காரக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் மிளகு போல் கறுத்த மணிகள் திரளும். கரிக்கு மேல் கட்சி மாறிய சட்டை. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்கச் சொட்டினோம். முதல் நாள் சாயங்காலம் நான் குடுவைகளைத் தொட்டிக்கு எடுத்தபோது, அவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று தானும் கழுவ ஆரம்பித்தாள். முடிந்ததும் கொப்பியை இழுத்து, கழுவியவர் என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள். மன்னிப்பு என்று அவள் வாயால் கேட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு ஆறியிருக்காது.

அதிகாரி வந்த அன்று மணிகளை ஒரு பெரிய கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கொண்டுபோனோம். இந்த முறை எல்லாவற்றையும் பட்டறைத் தண்ணீரிலேயே ஆய்வுகூடத்தில் பத்துத் தடவை பார்த்திருந்தோம். பட்டறைத் தண்ணீரில் சோடா இருக்கும், அதனால் முதலில் கொஞ்சம் அமிலம் விட்டுப் பக்குவப்படுத்தினோம். பிறகு மேலிருந்து சிவப்பை மெதுவாக விட்டோம். பெண்கள் இந்தத் தடவை தள்ளித்தான் நின்றார்கள். புஷ்பம் எல்லாருக்கும் பின்னால். கீழே முதல் சொட்டு விழுந்தது. அதிகாரி கண்ணாடிக் குவளையைக் கையில் எடுத்து வானத்துக்கு நேரே பிடித்தார். நிறமில்லை. ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

ஒரு குழாயால் பட்டறை பிழைத்துவிடவில்லை, பொய் சொல்லக் கூடாது. மணிகள் நிறைந்ததும் காரத்தால் கழுவி மறுபடி பாவிக்க வேண்டும். பெரிய தொட்டி கட்டவேண்டும், முதலில் வண்டலை இறக்கவேண்டும். ஆனால் அதிகாரி அதைக் கட்ட அவகாசம் எழுதிக் கொடுத்தார், ஹாஜியார் சொன்னபடி கட்டினார். சாயப் பகுதி ஒரு நாள்கூட மூடவில்லை. புஷ்பம் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறாள். இப்போது மணித் தொட்டிக்கு அவள்தான் பொறுப்பு. கழுவுவதற்குக் கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு சேர் ஒரு விதி போட்டார். எந்தப் புதுச் சாயம் வந்தாலும், முதலில் ஒரு பீக்கரில் ஊற்றி, ஒரே தண்ணீர் விட்டு, வெள்ளை ஓட்டில் வைத்துப் பார்த்து எழுதவேண்டும். அதன் பின்தான் மற்ற வேலை. சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்றார். தொழில்நுட்ப உத்தியோகத்தராக உயர்ந்து நானும் ஓய்வு பெற்றேன்.

இனி, போன மாதத்துக்கு வருகிறேன். பேச்சுகள் முடிந்து, இயந்திரத்தைச் சுற்றி எல்லாரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சும்மா உட்கார வராது. தொட்டியடியில் ஒரு மாணவி நின்றாள். தலையில் முக்காடு போட்ட புதுப் பிள்ளை, அக்குறணையாம். மேசையில் பச்சைச் சாயம் இருந்த பீக்கர் ஒன்று கிடந்தது. நான் உதவியாக இருக்கட்டும் என்று அதை எடுத்து இயந்திரத்தின் தட்டில் வைக்கப் போனேன்.

"ஆன்ட்டி, அத மெஷின்ல போட வேணாம். அது புதுச் சாயம். மொதல்ல லெட்சுமி பாக்கணும்" என்றாள்.

எனக்குக் கை அப்படியே நின்றது. "என்னம்மா பாக்கணும்?"

"லெட்சுமி டெஸ்ட், ஆன்ட்டி. ஒரே தண்ணி உட்டு, கண்ணாடில நிக்குதான்னு பாக்கிறது." அவள் சுவரைக் காட்டினாள். சேரின் கையெழுத்தில் அந்த விதி மூன்று மொழியிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மேலே 'லெட்சுமி டெஸ்ட்' என்று தலைப்பு இருந்தது. நான் வேலையில் இருந்தவரை அந்தச் சட்டமும் இருந்ததில்லை, தலைப்பும் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற மனிதர் பிறகு எப்போதோ வந்து எழுதி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"லெட்சுமின்னா யாரு?" என்று கேட்டேன்.

"தெரியா ஆன்ட்டி. யாரோ இந்தியாவுல பெரிய விஞ்ஞானியா இருக்கும்."

நான் பீக்கரில் ஒரு தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றி, வெள்ளை ஓட்டின் மேல் வைத்தேன். இருவரும் குனிந்து பார்த்தோம். பச்சை வளையம் விடாமல் நின்றது. "ஒட்டுது" என்று அவள் கொப்பியை எடுத்தாள். நான் அதை அவளிடமிருந்து வாங்கி, பச்சை, ஒரு தண்ணீர், நிற்கிறது என்று எழுதினேன். கழுவியவர் என்ற இடத்தில் இ. தனலெட்சுமி என்று முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கொப்பியை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் திறந்து பார்ப்பதற்கு முன்னால் கண்டி பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கிவிட்டேன்.